எண்ணெய் தடவாத தட்டு

சுவரில் ஏழு வெடிப்பு. பெத்தன் நாலு நாளில் நாற்பது தடவை எண்ணிப் பார்த்துவிட்டார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவருக்கு இருபத்தேழு வருஷமாகக் கொத்தனார் வேலை. குன்றக்குடியைச் சுற்றித் தான் எழுப்பிய சுவர்களை வரிசையாக நிறுத்தினால் காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகும் என்பார். அதில் மாடு முட்டிய சுவர் உண்டு, லாரி இடித்த சுவர் உண்டு. யாரும் தொடாமல் தானாக வெடித்தது இது ஒன்றுதான். அதுவும் நூறடி நீளம், ஆறடி உயரம், டவுன் பஸ்ஸில் போகிறவர்களெல்லாம் ஜன்னல் வழியே பார்க்கிறாற்போல ரோட்டோரத்தில்.

சுவருக்குச் சொந்தக்காரர் முத்துக்கருப்பன். நஞ்சையும் தென்னந்தோப்பும் உள்ளவர். விரால் மீனுக்கு மதுரையில் நல்ல கிராக்கி என்று யாரோ போனில் வீடியோ அனுப்ப, தோப்பில் ஒரு பக்கத்து மரங்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட் தொட்டி கட்ட இறங்கினார். வேலையை எடுத்திருந்த கான்ட்ராக்டருக்கு மதுரையில் வேறு நாலு வேலை. இங்கே போனில்தான் வருவார். சைட்டைப் பார்த்துக்கொள்ள மாரீஸ்வரியைப் போட்டிருந்தார்.

மாரீஸ்வரிக்கு இருபத்து நாலு வயது. இயற்பியல் படித்த பெண். அவள் ஒரு நாளில் பேசுவதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். ஆனால் நோட்டில் மட்டும் ஒன்றை விடமாட்டாள். எத்தனை மணிக்கு எத்தனை மூட்டை பிரித்தது, வெயில் எப்படி, ஈரச் சாக்கை யார் நனைத்தது என்று எல்லாம் தேதியோடு இருக்கும். கான்ட்ராக்டர் வரும் நாளில் பெத்தன் அவளை மேடம் என்பார். மற்ற நாளில் தாயி.

தொட்டியின் தளத்தை ஆனிக் கடைசியில் போட்டார்கள். சுவருக்கான கம்பிகள் தளத்திலிருந்து நாற்று மாதிரி வரிசையாக நிமிர்ந்து நின்றன. அடுத்த வாரமே சுவரை ஏற்றுவதாகப் பேச்சு. அதற்குள் ஆடி பிறக்கப்போகிறது, வேலையை நிறுத்தி வையுங்கள் என்று முத்துக்கருப்பன் வீட்டிலிருந்து தகவல் வந்தது. ஆடி முழுக்கத் தளம் வெயிலில் கிடந்தது. ஆவணியில் நல்ல முகூர்த்தம் பார்த்து, ஒரு சுவருக்குப் பலகை அடித்து, நூறடியையும் ஒரே நாளில் ஒரே மூச்சில் போட்டார்கள். அன்றைக்குப் பெத்தனுக்கு வாயெல்லாம் பல். பலகையைப் பிரித்தபோது சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது.

ஈரச் சாக்கை எடுத்து ஒரு வாரம் ஆகியிருக்கும். முதல் வெடிப்பைப் பார்த்தது ஆடு மேய்க்கிற ஒரு பெண். பிறகு ஏழும் தெரிந்தன. எல்லாம் நேர் கோடு. தளத்துக்குச் சற்று மேலே தொடங்கி மேல்நோக்கிப் போயின.

அதற்கப்புறம் சுவரைப் பார்க்க வராத ஆள் இல்லை. வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. ஒருவர் கண் பட்டுவிட்டது என்றார். ஒருவர் பக்கத்துத் தோப்பில் போட்ட போர்வெல்லைக் காட்டினார். ஏழு என்றால் கன்னிமார் கணக்காயிற்றே, வெட்டின மரத்தில் எதுவும் குடியிருந்ததா என்று ஓர் அம்மாள் விசாரித்தாள். கடைசியாக முத்துக்கருப்பனின் மச்சினன் தேவகோட்டையிலிருந்து வந்தார். சட்டைப் பையிலிருந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து அதன் ஓரத்தை வெடிப்புக்குள் நுழைத்தார். அது நுழைந்தது. பத்திரிகையை உருவிக்கொண்டு, சிமெண்டைக் குறைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் முத்துக்கருப்பன் சைட்டுக்கு வந்து, கோபம் எதுவும் இல்லாமல், தணிந்த குரலில்தான் பேசினார்.

"பெத்தா, நான் ஒன்னயச் சந்தேகப்படல. ஊருதான் பேசுது. வெள்ளிக்கிழம கருப்பர் கோயிலுக்கு வா. சிமெண்ட எடுக்கலைன்னு சூடத்த அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிரு. மிச்சம் மூணு சுவரையும் நீயே போடு."

பெத்தன் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வது.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. சோணையம்மாள் இரண்டு தடவை தட்டை வைத்து இரண்டு தடவை எடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள். எடுக்காத ஆளுக்குச் சத்தியம் பண்ண என்ன பயம் என்று கேட்டாள்.

"அதான் சங்கடம். அரை மூட்ட எடுத்தேன்ல."

எடுத்தது உண்மை. தளம் போட்டபோது மிஞ்சிய அரை மூட்டை. ஆடியில் ஒரு நாள் அடித்த சாரலில் சாக்கு நனைந்து, உள்ளே பாதிக்கு மேல் கட்டி. மாரீஸ்வரிகூட நோட்டில் 'கட்டிபட்டது, ஒதுக்கியது' என்று எழுதியிருந்தாள். பெத்தன் அதை சைக்கிளில் வைத்துப் போய், கட்டியைச் சலித்து எறிந்துவிட்டு, மிச்சத்தில் அவருடைய அக்கா வீட்டுக்கு ஒரு வாசற்படி போட்டுக் கொடுத்தார்.

"கட்டிபட்ட சிமெண்டுதான. தூரப்போடுற சாமான்" என்றாள் சோணையம்மாள்.

"கட்டியோ பொடியோ, சிமெண்டு சிமெண்டுதான். கருப்பர்கிட்டப் போயி எத்தன பங்கு கட்டின்னு வெவரம் சொல்ல முடியுமா?"

சத்தியம் பண்ணினால் பொய்ச் சத்தியம். பண்ண மாட்டேன் என்றால் திருடன். அரை மூட்டையை ஒத்துக்கொண்டால், அரையை எடுத்தவன் அம்பதை எடுத்திருக்க மாட்டானா என்பார்கள். பிறகு இந்தப் பக்கத்தில் யாரும் கரண்டியை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெத்தன் சைட்டுக்குப் போனபோது மாரீஸ்வரி டேப்போடு சுவருக்கு முன்னால் நின்றாள். ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். இருவரும் சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் அளந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு ஓர் ஆணியை எடுத்துச் சுவரைப் பல இடங்களில் கீறிப் பார்த்தாள். ஆணிதான் மழுங்கியது, சுவரில் கோடுகூடச் சரியாக விழவில்லை.

"என்னத்தா, எல்லாருந்தான் காரணம் சொல்றாக. நீயும் ஒண்ணு சொல்லு" என்றார் பெத்தன்.

அவள் நோட்டைக் காட்டினாள். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே ஒன்பதே முக்காலடி, பத்து, பத்தேகால், மறுபடி பத்து. சுவரின் இரண்டு கோடியிலும் இருபதடிக்கு ஒன்றுமே இல்லை.

"சிமெண்டு கொறஞ்சா சுவரு உதிரும் கொத்தனாரே. இப்படி அளந்து வச்சு வெடிக்காது."

அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பெத்தன் கேட்டதில்லை. சுவரோரத்தில் கவிழ்த்திருந்த சட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். அவள் நின்றபடியே, அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னாள். கான்கிரீட் காய்கிறபோது சுருங்கும். எல்லாக் கான்கிரீட்டும்தான். நூறடிச் சுவர் ஒரு பென்சில் தடிமன் சுருங்கும், அவ்வளவுதான். சுருங்குவது தப்பில்லை. ஆனால் இந்தச் சுவரின் கால் தளத்தில் கம்பியோடு கட்டிக் கிடக்கிறது. தளமோ ஆடி மாத வெயிலிலேயே காய்ந்து, சுருங்கவேண்டியதில் பெரும்பங்கு சுருங்கி, கல்லாகிவிட்டது. இப்போது சுவர் சுருங்கப் பார்க்கிறது, தளம் விடமாட்டேன் என்று காலைப் பிடித்துக்கொள்கிறது. போக வழியில்லாமல் சுவர் கிழிகிறது. இரண்டு கோடியிலும் சுவருக்கு ஒரு பக்கம் திறந்து கிடப்பதால் கொஞ்சம் நகர்ந்துகொள்ள முடிகிறது. அதனால் அங்கே வெடிப்பு இல்லை.

பெத்தன் சுவரைப் பார்த்தார், தளத்தைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தா?"

"ரெண்டும் சேந்து சுருங்கியிருக்கும். இம்புட்டு வெடிச்சிருக்காது." பிறகு குரலைத் தணித்து, நடுநடுவே இடைவெளியாக வெட்டு விட்டும் போட்டிருக்கலாம், பிளானில் அது இல்லை, தனக்கும் அப்போது தோன்றவில்லை என்றாள்.

பெத்தனுக்கு உடம்பில் அரை உயிர் திரும்பியது. இதை ஐயாவிடம் சொல்லிவிடு தாயி என்றார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. ஆடியில் நிறுத்தியது நீங்கள், அதனால்தான் வெடித்தது என்று முத்துக்கருப்பனின் முகத்துக்கு நேரே, ஊர் ஆட்களின் நடுவில், அவள் சொல்வதா? கான்ட்ராக்டருக்கு போன் போட்டால் அவர் பிறகு பேசுகிறேன் என்கிறார். பிறகு அவள், உங்கள் வீட்டில் பச்சரிசி மாவு இருக்குமா என்று கேட்டாள்.

புதன்கிழமை காலை சோணையம்மாள் கூழ் காய்ச்சினாள். வத்தல் போடுகிற பக்குவத்தில் உப்புப் போட்டுக் கிண்டி இறக்கினாள். மாரீஸ்வரி நனைத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் கூழை ஒரு முழ நீளத்துக்குப் பட்டையாக இழுத்துவிட்டாள். அடுத்து எவர்சில்வர் தட்டை எடுத்தாள். சோணையம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். எண்ணெய் வேண்டாம் அத்தை என்றாள் மாரீஸ்வரி.

"தடவாம எவளாச்சும் ஊத்துவாளா? பிடிச்சுக்கிட்டுப் பாளம் பாளமா வெடிக்கும்."

"வெடிக்கணும்."

சோணையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். படித்த பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். ஆனாலும் கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். தட்டும் துணியும் இரண்டு நாள் ஓட்டின்மேல் காய்ந்தன. வியாழன் மாலை பெத்தன் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். துணி சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு கிடந்தது, அதன்மேல் கூழ் முழுசாக இருந்தது. தட்டில் இருந்த பட்டை குறுக்கே குறுக்கே வெடித்திருந்தது. எண்ணினார். ஏழு இல்லை, அஞ்சுதான். கூழ் அவ்வளவுக்கு மரியாதை கொடுக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அவர் ஏணியிலிருந்து இறங்கி அன்றைக்குத்தான் நாலு நாளுக்கப்புறம் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கருப்பர் கோயிலில் பதினைந்து பேர் இருந்தார்கள். மச்சினன் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். முத்துக்கருப்பனின் மனைவி புஷ்பவள்ளி மாலையும் தேங்காயும் கொண்டுவந்திருந்தார். சத்தியத்துக்காக வந்த கோயில் என்றாலும் வெறுங்கையோடு வரக்கூடாதாம். பூசாரி தட்டைத் துடைத்து, சூடத்தை அடுக்கி, எல்லாரும் வந்தாயிற்றா என்று கேட்டார்.

மாரீஸ்வரி மஞ்சள் பையோடு சோணையம்மாளின் பின்னால் நின்றாள். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் முதல் வரியே மறந்துபோயிற்று. பெத்தன் அவளைப் பார்த்தார். அவள் பையைப் பார்த்தாள். பூசாரி சூடத்தைக் கொளுத்திவிட்டார்.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆண்கள் பக்கம் போகவே இல்லை. நேரே புஷ்பவள்ளியிடம் போய், பையிலிருந்து கூழ்த் தட்டையும் துணியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

புஷ்பவள்ளி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருத்தா இது? எண்ணெ தடவாமயா ஊத்துனே?"

மாரீஸ்வரி விரலைத் தட்டின்மேல் வைத்தாள். "இது நம்ம தளம். காஞ்சுபோயி நாப்பத்தேழு நாளு." விரலைக் கூழின்மேல் வைத்தாள். "இது சுவரு." பிறகு துணியைத் தொட்டாள். "இது, தளத்தோட தளமா அந்த வாரமே சுவரையும் போட்டிருந்தா."

குரல் புஷ்பவள்ளியின் காதுக்கு மட்டும்தான் எட்டியது. அது போதுமாயிருந்தது. முப்பது வருஷம் வத்தல் போட்ட கை. தட்டையும் துணியையும் ஒரு தடவை மாறிமாறிப் பார்த்தவர், மிச்சத்தைத் தானே எடுத்துக்கொண்டார்.

"ஏங்க, இங்குட்டு வந்து பாருங்க. ஆடி பூராம் தளத்தக் காயப்போட்டு வச்சிருந்தீகள்ல, எண்ணெ தடவாத தட்டுல வத்தல ஊத்துன கதையா ஆயிருக்கு. அது வெடிக்காம என்ன செய்யும்? இதுக்கு அந்த மனுசன் சூடத்துல கைய வைக்கணுமாக்கும்."

முத்துக்கருப்பன் வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டை ரொம்ப நேரம் பார்த்தார். வெடிப்புகளின் நடுவே விரலை வைத்து இடைவெளியை அளந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் காதோரம் சிவந்ததில் தெரிந்தது. பெத்தன் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார். பெரிய மனிதர்கள் தம் தப்பு தெரிகிறபோதுதான் அதிகம் கோபப்படுவார்கள்.

"ஆடில கைய வைக்கக்கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றார் முத்துக்கருப்பன், மனைவியைப் பார்த்து.

புஷ்பவள்ளி மாலையில் ஒரு பூவைச் சரிசெய்தார். "ஆடில எதையும் ஆரம்பிக்கக்கூடாதுன்னேன். ஆனிலயே ஆரம்பிச்ச வேலைய எதுக்கு நிறுத்துனீக?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மச்சினன் மட்டும், அப்படியென்றால் சிமெண்டு விஷயம் என்று மெதுவாக இழுத்தார். மாரீஸ்வரி நோட்டைப் பிரித்துச் சுவர் போட்ட நாளின் பக்கத்தை அவரிடம் நீட்டினாள். மூட்டை எண்ணிக்கை, நேரம், பிரித்தவர் பெயர் எல்லாம் வரிசையாக இருந்தன. சந்தேகமென்றால் ஓர் ஆணியால் சுவரைக் கீறிப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சோணையம்மாளிடம் கிசுகிசுத்தாள். சோணையம்மாள் அதை ஊருக்கே கேட்கிறாற்போலச் சொன்னாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. பூசாரிதான், சூடம் எரிந்துகொண்டிருக்கிறது, சத்தியம் உண்டா இல்லையா என்று கேட்டார்.

தேவையில்லை என்று முத்துக்கருப்பன் கையை அசைத்தார். எல்லாரும் கலையத் தொடங்கினார்கள். பெத்தனும் ஓரடி எடுத்து வைத்தார். ஆனால் நிமிர்ந்தால் எதிரே கருப்பர், அரிவாளோடு, முழித்த கண்ணோடு நிற்கிறார். சூடம் வேறு அணையாமல் எரிகிறது. சோணையம்மாள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். பெத்தன் முன்னே போய் நின்றார்.

"ஐயா, சுவர்ல ஒரு கை சிமெண்டு கொறைக்கல. ஆனா தளத்துல மிஞ்சுனது, கட்டிபட்ட அரை மூட்ட, அத நான் எடுத்துட்டுப் போனேன். ஒங்களக் கேக்கல. எங்க அக்கா வீட்டுக்கு ஒரு வாசப்படி போட்டேன்."

சொல்லிவிட்டுச் சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். கொஞ்சம் சுட்டது.

மச்சினனின் முகத்தில் வெளிச்சம் வந்தது. முத்துக்கருப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"படி எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குய்யா."

"வெடிக்கலையா?"

"இல்லய்யா."

"அது எப்படிப்பா? எஞ் சிமெண்டு. எஞ் சுவர்ல ஏழு வெடிப்பு. ஒங்க அக்கா வீட்ல மட்டும் ஒண்ணுகூட இல்லையா?"

இதில் உண்மையாகவே அவருக்கு வருத்தம் இருந்தது.

"மூணடிப் படிதான. வெடிக்கிற அளவுக்கு நீளம் பத்தாது."

சொன்னது மாரீஸ்வரி. எல்லார் காதிலும் விழுகிற குரலில் சொல்லியிருந்தாள். பதினைந்து தலையும் ஒன்றாகத் திரும்பின. அவள் உடனே நோட்டுக்குள் குனிந்துகொண்டாள். முதலில் சிரித்தது புஷ்பவள்ளி. பிறகு பூசாரி. கடைசியில் முத்துக்கருப்பனும் சிரித்துவிட்டார்.

அப்படியானால் மிச்சம் மூன்று சுவரையும் துண்டு துண்டாகவே போடலாமே என்றார் அவர். போடலாம் என்று மாரீஸ்வரி நோட்டைப் பார்த்தபடியே தலையாட்டினாள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் தண்ணீரும் ஒழுகாது. வெடித்த சுவருக்கு, வெடிப்புக்குள் பசை மருந்து ஏற்றி அடைத்துவிடலாம், இடிக்கவேண்டியதில்லை. அரை மூட்டைக்கு என்ன செய்வது என்று மச்சினன் கேட்டார். மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டி ஒழுகுகிறது, பெத்தன் வந்து அதைப் பூசிக் கொடுத்தால் சரியாய்ப் போயிற்று என்று புஷ்பவள்ளி தீர்ப்புச் சொன்னார்.

திங்கட்கிழமை எதிர்ச்சுவருக்கு வெட்டு எங்கெங்கே விடுவது என்று தளத்தில் குறி போட்டார்கள். மாரீஸ்வரி டேப்பை எடுக்கவே இல்லை. வெடித்த சுவர்தான் ஏற்கெனவே அளந்து கொடுத்துவிட்டதே என்றாள். ஒவ்வொரு வெடிப்புக்கும் நேர் எதிரே போய் நின்று கையைக் காட்டினாள். பெத்தன் சாக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டே வந்தார். முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில், எண்ணிப் பார்த்தார்.

ஏழு.

ரோட்டில் டவுன் பஸ் போயிற்று. ஜன்னலில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பெத்தன் இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை. சோணையம்மாள்தான் சாயங்காலம் திட்டினாள். தட்டில் ஒட்டிய கூழ் ஊறவைத்தும் சுரண்டியும் வரவில்லையாம், தட்டு அவள் தம்பி வாங்கிக் கொடுத்ததாம்.